மறதி நோயுற்றார்க்கு இல்லந் தேர்தல்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் யாம் எம் பெற்றோருடன் நான்கு ஊர்களுக்குச் சென்று ஏழு முதியோர் இல்லங்களைப் பார்த்து வந்தோம். எம் தந்தையாரைப் பெற்ற ஆச்சிக்கு இப்போது வயது 82. அவர் திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஊர்ப் பள்ளியில் 34 ஆண்டுகள் கணக்குக் கற்பித்தவர். அவர்க்கு மறதி நோய் கண்டு ஐந்தாண்டுகள் ஆகின்றன. அவரை வைத்துப் பேணுதற்கு எத்தகைய இல்லம் தக்கது, அதனை எங்ஙனம் கண்டறிவது என்னும் வினாவிற்கு விடை தேடியே அவ்விடுமுறை முழுவதும் கழிந்தது. இத்தேட்டம் இவ்விதழைப் படிப்பார் பலர்க்கும் என்றேனும் நேரக்கூடியதாகலின், கண்டனவும் கேட்டனவும் படித்தறிந்தனவும் ஈண்டு எழுதப் புகுந்தோம். யாம் மருத்துவம் பயில்வோமல்லோம், தமிழ் பயில்வோம். தமிழ் படித்துப் பெறும் பயன் யாது என்று எம்மை வினவும் அறிவியல் வகுப்பு நண்பர்கட்கு இக்கட்டுரையின் நடுவே ஒரு விடையும் கிடைக்கும்.

மறதி நோய் என்னும் பெயர் ஓரளவு நம்மை ஏமாற்றுவது. திறவுகோலை வைத்த இடம் மறத்தல் எல்லார்க்கும் உள்ளது; திறவுகோல் எதற்குரியது என்பதை மறத்தலே இந்நோய். 1901-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் விடுதியில் 51 வயதுடைய பெண்ணொருத்தி சேர்க்கப்பட்டாள். அலோயிஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர் அவளோடு நாடோறும் உரையாடிக் குறிப்பெடுத்தார். 1906-ஆம் ஆண்டில் அவள் இறந்தபின் அவளது மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அதன்கண் படிந்திருந்த திட்டுக்களையும் உயிரணுக்களுள் முறுக்கிக் கிடந்த இழைகளையும் கண்டு, அவ்வாண்டிலேயே டூபிங்கன் நகரத்தில் அறிஞர் கூட்டமொன்றில் வெளியிட்டார். 1910-இல் எமில் கிரேப்பலின் என்பார் தம் நூலில் அந்நோய்க்கு அல்ஸைமர் பெயரையே இட்டார். மறதி நோய்கள் பலவற்றுள் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. மூளையின் குருதிக் குழாய்கள் கெடுதலால் வருவதும், லூயி என்பார் பெயரால் வழங்கும் நுண்பொருள்கள் படிதலால் வருவதும் பிறவும் உள. நம் நாட்டில் 60 வயது கடந்தாருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுற்றிருப்பர் என்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுள்ளது.

இல்லந் தேடுவார் இந்நோயின் இயல்பொன்றை நெஞ்சில் இருத்துதல் வேண்டும். புதியது முதலில் அழியும். பழையது நெடுநாள் நிற்கும். 1881-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ரிபோ நினைவு நோய்கள் பற்றிய தம் நூலில் இதனை எடுத்துரைத்தார். எம் ஆச்சி காலையிற் சிற்றுண்டி உண்டதை மறந்தார். எம் பெயரை மறந்தார். பதினாறாம் வாய்ப்பாட்டை மறந்தாரல்லர். மாலை ஏழு மணிக்குக் குடும்பச் செபத்தின்போது கீர்த்தனை தொடங்கினால் அடி பிறழாது இறுதிவரை பாடுவார், பாடி முடித்ததும் அருகில் இருந்த எம் தந்தையாரை நோக்கி, “தம்பி யாரு?” என்று கேட்பார்.

நோயின் பெயரை உறுதி செய்யுமுன் இல்லந் தேடுதல் தவறு. தைராயிடுச் சுரப்புக் குறைவு, பி 12 என்னும் வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மூளையின் மேலுறையில் இரத்தம் கட்டுதல் ஆகிய இவையும் மறதி நோய் போலத் தோன்றுவன. இவற்றுட் பல மருந்தாலோ அறுவை மருத்துவத்தாலோ தீர்வன. திடீரென ஓரிரு நாளில் வந்த குழப்பமாயின் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, புதிதாக உண்ணும் மருந்தோ காரணமாயிருத்தல் கூடும். எம் ஆச்சிக்கு இவையெல்லாம் ஆராயப்பெற்று அல்ஸைமர் நோயே என்று நரம்பியல் வல்லுநர் உறுதி கூறினார்.

ஐந்தாண்டுகளுள் நான்கினை எம் அன்னையாரே தாங்கினார். ஆச்சி மாலை ஐந்து மணியானதும் பையை எடுத்துக்கொண்டு, “பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்று கிளம்புவார்; நள்ளிரவிற் கதவைத் தட்டுவார்; அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதனை மறப்பார். எம் அன்னையார் இரவிற் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் உறங்கியது எந்நாளிலென்று அவர்க்கே நினைவில்லை. சென்ற பங்குனியில் ஆச்சியைக் குளிப்பாட்டும்போது இருவரும் வழுக்கி வீழ்ந்தனர். ஆச்சிக்கு ஒன்றும் நேரவில்லை. அன்னையாரின் மணிக்கட்டு முறிந்தது. அன்றிரவே எம் தந்தையார் இல்லம் என்னும் சொல்லை முதன்முறையாக வாய்விட்டுக் கூறினார். எம் அத்தையார் தொலைபேசியில் அழுதார். “பெத்த தாயைக் கொண்டுபோயி விடுதியில விடப்போறியளா, அண்ணே?” என்றார். தந்தையார் விடை கூறினாரல்லர். அத்தையாரால் தம் வீட்டில் வைத்துக்கொள்ளவும் இயலாது. அவர் மாமியார் படுக்கையிற் கிடக்கின்றார். குற்றம் யாரிடத்தும் இல்லாத இடத்தில்தான் சொற்கள் மிகக் கூர்மையாகின்றன என்பதை அன்று அறிந்தோம்.

இனி, தேடிய கதை. மேனாட்டார் நர்ஸிங் ஹோம் என்பது முதியோரை நெடுங்காலம் வைத்துப் பேணும் இல்லத்தை. நம் நாட்டிலோ அப்பெயர் சிறு மருத்துவமனைக்கு வழங்குகின்றது. ஆகவே அப்பெயரைக் கொண்டு தேடுவார் மகப்பேற்று மருத்துவமனை வாயிலிற் போய் நிற்பர். எம் தந்தையார் அங்ஙனம் ஒருமுறை நின்றார். முதியோர் இல்லம் என்னும் பெயரோ, நன்கு நடமாடித் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் முதியோர் வாழும் விடுதிகளையும் குறிக்கும். அவற்றுட் பல மறதி நோயுற்றாரை ஏலா. சில, ஏற்றபின் மூன்றாந் திங்களில் திருப்பியனுப்பும். ஆதலின் முதல் வினா, “மறதி நோயுற்றார் இப்போது உங்களிடம் எத்தனை பேர் உளர்?” என்பதே. “சேர்ப்போம்” என்னும் விடை போதாது. இருக்கின்றார்களா என்பதே அறியத்தக்கது.

முதலிரண்டு இல்லங்களையும் யாம் பார்த்த முறை முற்றும் பிழை. முன்னரே தெரிவித்து, காலை பதினொரு மணிக்குச் சென்று, அலுவலறையில் அமர்ந்து, தேநீர் அருந்தி, பளிங்குத் தரையையும் மீன் தொட்டியையும் கண்டு மகிழ்ந்து வந்தோம். மீன்கள் நலமாயிருந்தன. முதியோர் எங்ஙனம் இருந்தனர் என்பதை யாம் கண்டோமில்லை. மூன்றாம் இல்லத்திற்குச் செல்லும் வழியிற் பேருந்து பழுதுற்றமையால் மாலை ஐந்தரை மணிக்கே சென்று சேர்ந்தோம். எம்மை எதிர்பார்த்திருந்த மேலாளர் வீட்டிற்குப் போய்விட்டார். அவ்விபத்தே எமக்கு ஆசிரியனாயிற்று. மறதி நோயுற்றார் பலர்க்குக் கதிரவன் சாயும் பொழுதில் கலக்கம் மிகுகின்றது. நிழல் நீளுதலும், பகலெல்லாம் அடைந்த களைப்பும், உடலின் உறக்க விழிப்பு முறை கெடுதலும் அதற்குக் காரணமென்பர். காலை பதினொரு மணிக்கு எவ்வில்லமும் அமைதியாகவே இருக்கும். மாலை நான்கு முதல் ஏழு வரை ஓரில்லம் எங்ஙனம் நடக்கின்றதோ அதுவே அதன் உண்மைத் தோற்றம். அறிவியாது செல்க, இரண்டாம் முறையும் செல்க. மாலையில் வாராதீர் என்று தடுக்கும் இல்லத்தை யாம் அன்றே விலக்கிவிடுவோம்.

அம்மாலையிற் கண்டது இது. எட்டு முதியோர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் வரிசையாக அமர்த்தப்பட்டிருந்தனர். அவருள் மூவர் மார்பின் குறுக்கே ஒரு துண்டு, நாற்காலியின் பின்புறம் முடிச்சிடப்பட்டிருந்தது. “விழுந்திடுவாங்க, அதான்” என்றாள் பணிப்பெண். அவள் கொடியவளல்லள், எட்டுப் பேர்க்கு அவள் ஒருத்தி, சமையலறையில் அடுப்பில் பாலும் இருந்தது. ஆயினும் கட்டிவைத்தல் விழுதலைத் தடுப்பதில்லை என்பதே முதியோர் மருத்துவம் கண்ட முடிபு. கட்டுண்டவர் கால் வலியிழந்து, அவிழ்த்த அன்று வீழ்வர். ஓரிடத்தே அழுந்திப் புண்ணுறுவர். கட்டினை உதறிச் சரிந்து மூச்சடைத்து இறந்தாரும் உளர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல நிலையங்களில் ஒருவரைக் கட்டுதற்குக் கடும் எல்லை வகுத்துள்ளது: உடனடியாக நேரும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, அத்தேவை உள்ள அளவே கட்டலாகும், பணியாளர் எளிமைக்காகக் கட்டுதல் ஆகாது. இல்லத்தாரை, “கட்டுவதுண்டா?” என்று கேட்பின் “இல்லை” என்பர். “ஒருவர் விழும் நிலையில் இருந்தால் யாது செய்வீர்?” என்று கேட்பின் உண்மை வெளிவரும்.

வினவும் முறையைப் பற்றி இன்னொன்று. “வழக்கமாக இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பர்?” என்றால் வழக்கமான விடையே கிடைக்கும். “நேற்றிரவு யார் யார் இருந்தனர்?” என்றால் மேலாளர் சற்றுச் சிந்திப்பார். இதனை எம் அன்னையாரே கண்டுபிடித்தார். நான்கு பேர் என்று அச்சிட்ட தாளில் இருந்த ஓரில்லத்தில், நேற்றிரவு இருந்தது காவற்காரரையும் சேர்த்து இருவர்.

கயிற்றால் கட்டாது மருந்தாற் கட்டுவதும் உண்டு. கலக்கத்தை அடக்குதற்குச் சித்தப் பிரமைக்குரிய மருந்துகளை மாலைதோறும் கொடுத்து, முதியோரை நாற்காலியில் தலைசாய்த்து வைத்தல் பல நாடுகளிலும் கண்ட பழக்கம். மறதி நோயுற்ற முதியோர்க்கு இம்மருந்துகளால் இறப்பு மிகுகின்றதென்று அமெரிக்க நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2005-ஆம் ஆண்டில் கடும் எச்சரிக்கை விடுத்தது. லூயி வகை நோயினர்க்கு இவற்றுட் பல பெருந்தீங்கு செய்யும். எவ்விடத்தும் ஆகா என்று யாம் கூறவில்லை. மருத்துவர் ஆராய்ந்து, சிறு அளவில், குறித்த காலத்திற்குக் கொடுத்தல் வேண்டுவதாகலாம். அம்மருந்தை எழுதித் தருபவர் யார், குடும்பத்தார்க்கு முன்னர் அறிவிப்பரோ, மீண்டும் எந்நாளில் ஆராய்வர் என்னும் மூன்றையும் கேட்டல் வேண்டும். மாலை ஆறு மணிக்கு எல்லா முதியோரும் உறங்கும் இல்லத்தை அமைதியான இல்லம் என்று எண்ணி வியத்தலாகாது.

இங்கே தமிழ்ப் படிப்பின் பயனைக் கூறுவோம். ஐந்தாம் இல்லம் ஒரு பெருநகரத்தில் உள்ளது. கட்டடம் சிறந்தது, கைப்பிடிகள், வழுக்காத தரை, இரவும் பகலும் செவிலியர் எல்லாம் உண்டு. எம் தந்தையார் முன்பணம் கொடுத்துவிடவும் துணிந்தார். அங்குப் பணிபுரியும் பெண்கள் பெரும்பாலார் வடமாநிலங்களிலிருந்து வந்தோர். ஆறு திங்களில் தமிழ் கற்று இனிமையாகவே பேசினர். யாம் நடைக்கூடத்தில் நின்றபோது, தென்பாண்டி நாட்டு மூதாட்டி ஒருவர் பணிப்பெண்ணின் கையைப் பற்றி, “ஏளா, வெளிக்குப் போணும், வெளிக்குப் போணும்” என்றார். அவளும் அன்போடு அவர் தோளைத் தடவி, “வெளியே வேண்டாம் பாட்டி, வெயில்” என்று சொல்லிக் கதவைத் தாழிட்டாள். மூதாட்டி மேலும் இருமுறை கேட்டார், பின்னர்க் கதவை அடித்தார், பின்னர் அழுதார். சிறிது நேரத்தில் அவர் உடை நனைந்தது.

நன்னூல் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக இடக்கரடக்கலைக் கூறும். அவையிற் சொல்லத் தகாததை மறைத்துப் பிறிதொரு சொல்லாற் கூறுதல் அது. கால் கழுவி வருதல் என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. அதனை வகுப்பிற் படித்தபோது தேர்வுக்குரிய மூன்று மதிப்பெண்ணாகவே எமக்குத் தோன்றியது. “வெளிக்குப் போதல்” என்பதும் அத்தகையதே. தென்னாட்டுச் சிற்றூரார் மலங்கழிக்கச் செல்லுதலை அச்சொல்லாலன்றிக் கூறார். வெளி என்பதை அகராதிப் பொருளிற் கொண்டாள் அப்பெண். மேலாளரிடம் வினவியபோது, அம்மூதாட்டிக்கு வெளியே ஓடும் பழக்கம் உண்டென்றும், அதற்கென்றே மாலையில் ஒரு மாத்திரை கொடுத்து வருவதாகவும் கூறினார். யாம் பொருளை விளக்கினோம். அவர் நல்லவர், முகம் வாடிற்று, உடனே பணிப்பெண்ணை அழைத்துச் சொன்னார். அப்பெண் இரு கைகளையும் வாயிற் பொத்திக்கொண்டாள். அவளும் தன் தாயை ஆயிரங்காதம் விட்டு வந்தவள்தானே.

முன் கூறிய நோயின் இயல்பை ஈண்டு நினைவு கூர்க. பின்னர்க் கற்ற மொழி முன்னர் உதிரும். தாய்மடியிற் கேட்ட சொல்லே எஞ்சும். எம் ஆச்சி ஆங்கிலத்தில் அளவளாவியவர். இப்போது அதில் ஒரு சொல்லும் வருவதில்லை. பள்ளியிற் பேசிய திருந்திய தமிழும் தேய்ந்துவருகின்றது. எஞ்சியது அவர் பிறந்த ஊரின் பேச்சு. வலிக்கின்றது என்று அவர் சொல்லார், “உளையுது” என்பார். குமட்டல் என்னார், ஓங்கரிப்பு என்பார். மெல்ல என்பதற்குப் பைய, நீர்க்கோவைக்குத் தடுமம். நோயாளி தம் வலியைச் சொல்ல இயலாதபோது அவ்வலி சினமாகவும் கூச்சலாகவும் வெளிப்படும். சினமும் கூச்சலும் மாத்திரையை வரவழைக்கும். ஆகவே, “எம் ஊர்ப் பேச்சை அறிந்தார் எவரேனும் உங்கள் பணியாளருள் உளரோ, எந்த வேளையில் உளர்?” என்னும் வினாவை எம் பட்டியலில் இரண்டாவதாக வைத்தோம். கைப்பிடியும் பளிங்கும் அதற்குப் பிற்பட்டன. அவ்வில்லத்திற்கு முன்பணம் கொடுக்கவில்லை.

உணவு வேளையில் ஒருமுறை உடனிருந்து பார்த்தல் நன்று. ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டுகின்றாரா, எதிரே அமர்ந்து ஊட்டுகின்றாரா? நின்று ஊட்டுபவர்க்கு அவசரம் உண்டு. அண்ணாந்து விழுங்குபவர்க்குப் புரையேறும். நோய் முதிர முதிர விழுங்கும் ஆற்றல் குறைந்து, உணவு மூச்சுக்குழலிற் சென்று நுரையீரலைக் கெடுத்தலே பலர்க்கு இறுதியாகின்றது. திங்கள்தோறும் எடை பார்த்து எழுதும் ஏடு உள்ளதா என்று கேட்க. எடை குறைதல், பசியின்மையோ பல்வலியோ கவனமின்மையோ, ஏதோ ஒன்றைத் தெரிவிக்கும். படுக்கையிற் கிடப்பாரை இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் புரட்டுகின்றனரா என்பதற்கும் ஏடு வேண்டும். நாற்றத்தைப் பற்றிப் பலரும் சொல்வர்; யாம் கூறுவது, ஒரு மூலையில் ஒருவேளை வீசும் நாற்றம் இயல்பு, எங்கும் எப்போதும் வீசுவது குற்றம், ஒன்றுமே வீசாது மருந்து மணம் மட்டும் கமழ்வதும் ஐயத்திற்குரியது.

கட்டடத்தில் நோக்கத்தக்கன நம் கண்ணுக்குச் சிறியன. கறுப்புக் கட்டம் போட்ட தரை இந்நோயினர்க்குக் குழியாகத் தோன்றும். அதன்மேற் கால் வையார். பெரிய நிலைக்கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டு அயலார் எவரோ நிற்கின்றாரென்று அஞ்சுவர். வெண்சுவரும் வெண்தரையும் வெண்பீங்கானுமாகிய கழிவறையில் அமருமிடம் எதுவென்று அவர்க்குப் புலப்படாது. முதியோர் தத்தம் மூக்குக்கண்ணாடியையே அணிந்துள்ளனரா என்றும் பார்க்க. ஓரிடத்தில் கண்ணாடிகளெல்லாம் ஒரு தட்டில் பெயரின்றிக் கிடக்கக் கண்டோம், பற்செட்டுகளும் அங்ஙனமே.

பூட்டிய கதவைப் பற்றி எம்மிடையே வழக்கு நிகழ்ந்தது. தந்தையார் பூட்டு இன்றியமையாதது என்றார். சாலைக்கு ஓடிவிடுவாரே என்பது அவர் அச்சம். நெதர்லாந்து நாட்டில் வெஸ்ப் என்னும் ஊரில் 2009-ஆம் ஆண்டில் ஹோகவெய்க் என்னும் சிற்றூர் ஒன்றையே இந்நோயினர்க்கென அமைத்துள்ளனர். கடையும் தோட்டமும் உணவகமும் தெருக்களும் அதற்குள்ளேயே உண்டு; அதன் எல்லைக்குள் அவர்கள் விரும்பியவாறு உலாவலாம்; புறவாயில் ஒன்றே காவலுடையது. இதனைப் படித்துக் கூறியபோது தந்தையார், “நமக்கு அவ்வளவு கட்டுமா?” என்று கேட்டார். அத்துணைப் பெருஞ்செலவு வேண்டுவதன்று. வீட்டைச் சுற்றி ஒரு திண்ணையோ நடைபாதையோ இருந்து, நடப்பவர் எந்த மூலையிலும் முட்டி நில்லாது தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்வாராயின், கதவு பூட்டியிருப்பதை அவர் அறியவே மாட்டார். நம் பழைய வீடுகளில் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் அதனைத்தானே செய்தது.

அழைக்கும் முறையும் ஒன்று. ஓரில்லத்தில் எல்லா மூதாட்டியரையும் “பாப்பா” என்று கொஞ்சினர். அன்பிற் குறைவில்லை. ஆயினும் 1997-ஆம் ஆண்டில் டாம் கிட்வுட் என்னும் ஆங்கில அறிஞர், நோய் ஒருவரைக் கெடுப்பதோடு சூழ்ந்தார் அவரை நடத்தும் முறையும் கெடுக்கின்றதென்று எழுதினார். பெரியோரைக் குழந்தையாக்குதல் அவர் காட்டிய குற்றங்களுள் ஒன்று. ஆயிரம் பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கிய ஆசிரியை, பாப்பா அல்லர்.

பணத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். கூறப்படும் திங்கட் கட்டணத்தில் அடங்காதன எவை என்று எழுதி வாங்குக: இடுப்பாடைகள், மருந்து, மருத்துவர் வருகை, மருத்துவமனையில் உடனிருப்பார் கூலி. முன்பணம் எப்போது திரும்பும் என்பதையும் எழுதுக. இவற்றினும் இன்றியமையாத வினா ஒன்றைக் கேட்கப் பெரும்பாலார் நாணுவர்: “எழுந்திருக்க இயலாது போனபின்னும் வைத்திருப்பீரோ? இறுதி நாள்களில் மருத்துவமனைக்கு அனுப்புவீரோ, இங்கேயே நோவின்றிப் பேணுவீரோ?” எம் தந்தையார்க்கு நா எழவில்லை. அன்னையாரே கேட்டார். நடந்து திரியுங்காறும் வைத்திருப்போம் என்று விடையளித்த இல்லங்கள் இரண்டு.

அத்தையாரின் கண்ணீர்க்கு மீள்வோம். 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர் முதியோர் பராமரிப்புச் சட்டம், முதியோரை முற்றும் கைவிடும் கருத்தோடு ஓரிடத்தில் விட்டுச் செல்வார்க்கு மூன்று திங்கள்வரை சிறையும் 5,000 ரூபாய்வரை தண்டமும் விதிக்கலாமென்றது. இதனை அத்தையாரே எங்கோ படித்து எமக்கு நினைவூட்டினார். அதன் சொற்களை யாம் அவர்க்குப் படித்துக் காட்டினோம்: குற்றம் கைவிடும் கருத்தே, வேறிடத்தில் வைத்துப் பேணுதல் அன்று. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்பம் யாரு வாராவாரம் போயி பாப்பா?” என்றார். சட்டத்தினும் அவ்வினாவே எமக்குப் பெரிதாகத் தோன்றியது. போய்வருதற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேற்படும் இல்லங்கள் எல்லாவற்றையும் அன்றே பட்டியலிலிருந்து அடித்தோம். ஏழனுள் எஞ்சியவை இரண்டு.

ஆச்சியையே கேட்டோமா என்று நண்பர் ஒருவர் வினவினார். நல்ல வினா. “புது இடத்துக்குப் போவோமா?” என்று கேட்டபோது, “பள்ளிக்கூடம் என்னைக்குத் திறக்காவ?” என்றார். சொல்லால் விடை பெறவியலாதார்க்கு, அவ்விடத்திற் சிறிது பொழுது இருக்கச்செய்து அவர் உடலைக் கேட்டலே முறை. எஞ்சிய இரண்டு இல்லங்களிலும் அவரை அரைநாள் வைத்துப் பார்த்தோம். முதலதில் அவர் இருந்த இடத்தை விட்டு எழுந்தாரல்லர்; பையை மடியிலிருந்து கீழே வைத்தாரல்லர். இரண்டாவது, ஓட்டு வீடு ஒன்று. பதினொரு பேர் மட்டும் வாழ்வது. கைப்பிடிகள் சில இடங்களில் இல்லை. பணிப்பெண் ஒருத்தி காய்கறிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஆச்சி எட்டிப் பார்த்து, “கூட்டல் தப்பு” என்றார். அவள் எழுந்து நின்று, “எங்க டீச்சர்?” என்று ஏட்டை நீட்டினாள். ஆச்சி பையைக் கீழே வைத்தார்.

கைப்பிடிகளை எம் தந்தையார் தம் செலவில் பொருத்தித் தருவதாகக் கூறினார், இல்லத்தார் ஒப்பினர். முதன்மூன்று வாரங்கள் துன்பமாகவே சென்றன. இரவில் அழுதார், ஒருமுறை ஒரு செவிலியை அறைந்தார், எடை இரண்டு கிலோ குறைந்தது. நான்காம் வாரத்தில் ஒரு கிலோ மீண்டது. யாம் சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கே செல்கின்றோம். அத்தையார் திங்களுக்கொருமுறை பேருந்தேறி வந்து கீர்த்தனை பாடிச் செல்கின்றார். இன்னும் அவர்க்கு முழு ஒப்புதல் இல்லை. எமக்கும் சில இரவுகளில் இல்லை.

ஆச்சியின் கட்டில் தலைமாட்டில் எம் அன்னையார் எழுதிய தாளொன்று ஒட்டப்பட்டுள்ளது. இடப்புறம் ஆச்சியின் சொல். வலப்புறம் அதன் பொருள். வெளிக்கு, உளையுது, ஓங்கரிப்பு, பைய, தடுமம் என்று தொடங்கி முப்பது சொற்கள்வரை அதில் உண்டு. சென்ற சனிக்கிழமை அங்குச் சென்றபோது, அதன் அடியில் வேறு கையெழுத்தில் இரண்டு புதிய சொற்கள் இருந்தன.